சீப்புக்கு முன்னால் நின்ற வேன்

விசாரணைக்குப் போனதும் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறவர்கள் நல்ல சேதி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒரு பக்கம் சிக்னல் இன்ஜினியர் அம்மா. இன்னொரு பக்கம் எங்கள் சூப்பர்வைசர். எங்கள் பிளாஸ்கிலிருந்து எத்தனையோ தடவை டீ வாங்கிக் குடித்த மனுஷன், என்னை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பதுபோலப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இறந்துபோனவரை எல்லாரும் தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிடுவாங்களாமே, நிஜமா?" என்று அதிகாரி கேட்டார்.

"நிஜந்தான்."

"யார் வச்ச பேரு?"

"நான்தான்."

அதை எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

செத்துப்போனவன் என் தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். பிறந்ததிலிருந்தே அவனுக்கு இடது கண் இமை மேலே ஏறாது. பாதியில் நிற்கும். கல்யாணத்தன்று அவனைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை இப்பவே தூங்குறாரு, என் தங்கச்சி பாடு திண்டாட்டந்தான்" என்றேன். கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு நான் வேலை பார்க்கும் விமான நிலையத்திலேயே அவனும் சேர்ந்தபோது, பேரும் கூடவே வந்து சேர்ந்தது. டவரில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட வாக்கிடாக்கியில், "தூங்குமூஞ்சி, சொல்லு" என்பார்கள். அவனும் கூச்சமில்லாமல், "தூங்குமூஞ்சி பேசுறேன்" என்பான்.

அவன் வேலையில் தூங்கி நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றுதான் சொல்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் என்ன செய்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். பெற்ற பிள்ளைக்கே பண்ண மாட்டேன்.

எங்கள் வேலை ரன்வேயைச் சுற்றிப் புல் வெட்டுவது. நான் டிராக்டர். பின்னால் புல் வெட்டும் மெஷின் மாட்டியிருக்கும். மாப்பிள்ளை காவல். ஒரு கையில் சிவப்புக் கொடி, ஒரு கையில் வாக்கிடாக்கி. டவர் சொல்வதை எங்களுக்குச் சொல்ல வேண்டும், வருகிற போகிற விமானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆள் மொட்டை. நாற்பதைத் தாண்டியவன், தலையில் ஒரு முடி கிடையாது. பிளேடு, டீசல், குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிய வேன் அவனுடையது. நாலு சக்கரத்தில் நிற்க வைத்த தகர பீரோ மாதிரி உயரமான வேன்.

ரன்வே முடிகிற இடத்துக்கு அப்பால் சிவப்புக் கம்பிகள் வரிசையாக நடப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மண்ணில் குத்தி வைத்த சீப்பு. நாங்கள் சீப்பு என்றேதான் சொல்வோம். ரன்வேயின் நடுக்கோடு எங்கே இருக்கிறது என்று விமானத்துக்குச் சிக்னல் கொடுப்பது அந்தச் சீப்புதான். பனி மூடி ஒன்றும் தெரியாத நாளில் விமானம் அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும். அப்போது டவரிலிருந்து உத்தரவு வந்துவிடும். ஆள், வண்டி எல்லாம் மஞ்சள் பலகைக்கு வெளியே போய்விட வேண்டும். சீப்புக்கு முன்னால் ஒரு தகரம்கூட நிற்கக் கூடாது.

வெயில் நாளில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விமானம் ஓட்டுகிறவருக்குக் கண் தெரியும், அவர் பார்த்து இறக்கிக்கொள்வார். டவரைக் கேட்டுக்கொண்டு நாங்கள் உள்ளே போகலாம். சீப்புக்கு முன்னால் இருக்கும் புல்லை எப்போதும் நல்ல வெயிலில்தான் வெட்டுவோம்.

அன்றைக்கு அப்படித்தான் வெயில். வானத்தில் மேகம் என்று ஒரு பொட்டு இல்லை. வெட்டிக்கொண்டிருக்கும்போது பிளேடு கல்லில் பட்டு முறிந்துபோனது. மாப்பிள்ளைக்கு ரன்வே ஓரமாகத் தள்ளி ஒரு கல் உண்டு. அவனை நிற்கச் சொல்லியிருந்த இடம் அது. அங்கே நின்று டவரைக் கேட்டான்: "பிளேடு போயிடுச்சு. சீப்புக்கு முன்னால வேன் வரணும்."

"வெயில்தானே, வரட்டும்" என்றார்கள்.

உடனே, வாக்கிடாக்கியை அழுத்திய விரலை எடுக்காமலே எங்களைப் பார்த்துக் கத்தினான். "மொட்டை, போ போ. இன்னைக்காவது உனக்குச் சீப்போட ஒரு வேலை வந்துச்சே."

மொட்டை அவனைத் திட்டிக்கொண்டே வேனைக் கொண்டுவந்து குறுக்காக நிறுத்தினான். நான் மெஷினுக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றினேன். துரு ஏறி அசையவே இல்லை. மொட்டை இறங்காமல், இன்ஜினையும் அணைக்காமல் வண்டியில் உட்கார்ந்திருந்தான். நடுவில் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான். நான் அங்கே முக்கிக்கொண்டிருக்கிறேன், இவனுக்கு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மண் அதிர்ந்தது. மொட்டை கத்தினான். நான் உருண்டு வெளியே வந்து பார்த்தால், விமானம் ரன்வேயை விட்டுப் புல்லுக்குள் வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணில் மூக்கைக் குத்தி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் நாங்கள் இருவரும் இல்லை.

மாப்பிள்ளையின் கல் இருந்த இடத்தில் சக்கரத் தடம்தான் இருந்தது. அவன் அதற்கு இந்தப் பக்கம், எங்களைப் பார்த்தபடி கிடந்தான். வலது கண்ணை மூடிவிட்டேன். இடது இமையை இழுத்துப் பார்த்தேன். பாதிக்கு வந்து நின்றுவிட்டது. எத்தனை தடவை இழுத்தாலும் அதற்கு மேல் வரவில்லை.

விமானத்தில் இருந்தவர்களுக்குக் கை கால் முறிவோடு போனது. செத்தது அவன் ஒருத்தன்தான்.

இந்தக் கதைக்கு இன்ஜினியர் அம்மா விசாரணையில் காரணம் சொன்னார். அவர் பேச்சில் நடிப்பு தெரியவில்லை என்பதால் கவனித்துக் கேட்டேன்.

"அன்னைக்கு பைலட் கையால இறக்கல ஐயா. பிளேன்ல தானா ஓட்டுற மெஷின் இருக்கு, அதையே இறக்க விட்டிருக்காரு. மூடுபனியில அப்படித்தான் இறங்கணும், அதுக்காக வெயில் நாள்ல பழகிப் பார்ப்பாங்க. உங்க வேனோட தகரம் சிக்னலைத் திருப்பி விட்டிருக்கு. குழாய்த் தண்ணிக்குக் குறுக்க தட்டை வச்சா தெறிக்கும்ல, அந்த மாதிரி. நடுக்கோடு வேற பக்கம் இருக்குன்னு மெஷின் நம்பிடுச்சு. பைலட் சுதாரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

"மெஷினை விடப்போறேன்னு டவருக்குச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"வெயில் நாள்ல சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"அப்ப அவர் மேல தப்பில்ல."

"பழகலாம்னு விதியில இருக்கு."

"வேனை உள்ள விட்ட டவர் மேல?"

"வெயில் நாள்ல விடலாம்."

"பனி விழுந்திருந்தா நாங்க யாருமே அங்க இருந்திருக்க மாட்டோம். என் மாப்பிள்ளை வெயில் அடிச்சதால செத்தான்னு எழுதிக்குங்க."

அந்த அம்மா குனிந்துகொண்டார். அதுவரை வாயைத் திறக்காத சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

"காவல் நின்னவர் பார்த்திருக்கணும்ல சார்? கண்ணெதிர்ல பிளேன் வருது. முழிச்சிருக்கிற ஆள் ஓடியிருக்க மாட்டாரா?"

அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தப் போகிறார்கள் என்று அப்போது புரிந்தது. உயிரோடு இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதி துணைக்கு இருந்தது. செத்தவனுக்கு நான் வைத்த பேர்தான் இருந்தது.

டவரின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தூங்குமூஞ்சி, சொல்லு. தூங்குமூஞ்சி பேசுறேன். பிறகு மொட்டைக்கும் சீப்புக்கும் அவன் செய்த கேலி.

"கேட்டீங்கல்ல? முழிச்சுத்தான் இருந்திருக்கான்" என்றேன்.

"இது முன்னாடி பேசினது. பிளேடு மாத்துற நேரத்துல கண்ணசந்திருக்கலாம்ல? பிளேன் வரும்போது அவர் முழிச்சிருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

காலையில் புறப்படும்போது தங்கச்சி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டிருந்தாள். முழிச்சிருந்தார்னு சொல்லிடு அண்ணே, அது போதும். அவன் தூங்கிச் செத்தான் என்று முடிவானால் சாவு அவன் தப்பாகிவிடும். அவளும் மகளும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதைவிட, வேலையில் தூங்கிச் செத்தவன் பெண்டாட்டி என்ற பேரோடு மிச்சக் காலத்தையும் ஓட்ட வேண்டும்.

"மெஷினுக்கு அடியில கிடந்தேன். பார்க்கல" என்றேன்.

"வேன் டிரைவரும் பார்க்கலைன்னுதான் சொல்றாரு. வேற யாராவது பார்த்திருந்தா கூட்டிட்டு வாங்க. அடுத்த வாரம் முடிச்சிடுவோம்" என்று அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

தங்கச்சி குவார்ட்டர்ஸில் அவனுடைய காக்கிச் சட்டைகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"சொல்லலியா?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னா அடுத்த கேள்வியிலயே மாட்டிப்பேன்."

"அவருக்குப் பேர் வச்சியே, அன்னைக்கு அவர் தூங்கினதைப் பார்த்தா வச்ச?"

கட்டிலிலிருந்து நழுவிய ஒரு சட்டையை எடுத்துப் போட்டேன்.

"நீ யாரைத்தான் நம்பியிருக்க? நம்ம அப்பா போனப்ப டாக்டர்கிட்டயே, எதுக்கும் இன்னொரு தடவை பாருங்கன்னவன் நீ. இப்ப உன் மனசுலயும் அதுதான ஓடுது? தூங்கியிருப்பானோன்னு."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.

அவள் ஒரு சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "அவர் ஓடலைன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கு அண்ணே. மொட்டையைப் போய்க் கேளு. அவரைத் தூக்குன அன்னைக்கு வந்து இந்த வாசல்ல நின்னான். என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல."

மொட்டை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். மத்தியானம் போனேன். கதவைத் திறந்த அவன் பெண்டாட்டி, ஒன்றும் சொல்லாமல் உள்ளே கையைக் காட்டினாள். அவன் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தான்.

"எழுந்திரு."

"ஒடம்பு சரியில்ல பெருசு."

"உன் தலையில முடி முளைச்சிருக்குன்னு சொல்லு, அதையாவது நம்பலாம். எழுந்திரு."

எழுந்து உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது.

"நீ எதைப் பார்த்த?"

"ஒன்னும் பார்க்கல. அதான் அங்கயே சொல்லிட்டேனே."

"எதுக்கு ஹாரன் அடிச்ச?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த ஹாரனை நான் கேட்டிருப்பேன் என்று அவன் நினைக்கவில்லை போலிருக்கிறது. உதடு கோணிக்கொண்டது.

"கண்ணாடியில பார்த்தேன் பெருசு. வண்டிக் கண்ணாடியில. தூங்குமூஞ்சி நம்ம பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, தலைக்கு மேல கொடியை ஆட்டினாரு. ரெண்டு கையாலயும். வாக்கிடாக்கியைக் கீழ போட்டுட்டாரு போல, கையில இல்ல. பிளேன் எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல. கண்ணாடியில அவர் மட்டுந்தான் தெரிஞ்சாரு. நான் என்ன நினைச்சேன்னா..."

"என்ன நினைச்ச?"

"தூங்குமூஞ்சி முழிச்சிட்டாருடா, சோம்பல் முறிக்கறாருன்னு நினைச்சேன். சிரிப்பு வந்துச்சு. ஹாரன் அடிச்சேன். அவர் இன்னும் வேகமா ஆட்டினாரு. நானும் கையை வெளிய நீட்டி ஆட்டினேன். டாட்டா காட்டுற மாதிரி."

அதற்கு மேல் பேச முடியாமல் மொட்டைத் தலையைக் கையால் அடித்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

ரெண்டு ஹாரன். அது என் காதில் விழுந்தது. அடுத்தவன் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அதை நானே கேட்டேன். எனவே மொட்டை சொல்வது நிஜம். மாப்பிள்ளை ஓடவில்லை, ஏனென்றால் முதுகை விமானத்துக்குக் காட்டி எங்களை ஓடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா, கொடியைப் பார்த்தும் வேனை ஏன் எடுக்கலன்னு கேப்பாங்க. நான் சிரிச்சேன்னா சொல்றது? புள்ளைங்க இருக்கு பெருசு. வேலை போயிடும்."

கதவோரம் நின்றுகொண்டிருந்த அவன் பெண்டாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "உன்னை ஓடச் சொல்லி அந்த மனுஷன் செத்திருக்காரு. அவரு தூங்கினாருன்னு ஊரே பேசுது, நீ வாயைப் பொத்திக்கிட்டு படுத்துக் கிடக்குற. வேலை போனா போகுது, எந்திரிச்சுப் போய்யா."

மறுவாரம் அவனைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். வழியில் நழுவிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். பஸ்ஸில்கூடக் கையை விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "பெருசு, ஒண்ணுக்குப் போகணும்" என்றான். "முதல்ல சொல்லிட்டுப் போ" என்றேன்.

நழுவவில்லை. கண்ணாடி, கொடி, சிரிப்பு, ஹாரன், டாட்டா என்று எல்லாவற்றையும் சொன்னான். டாட்டா என்ற இடத்தில் கையையும் ஆட்டிக் காட்டினான். நானும் ஹாரனைக் கேட்டதைச் சொன்னேன். இன்ஜினியர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசர் தண்ணீர் குடித்தார். அதிகாரி வெகுநேரம் எழுதினார். இந்தத் தடவை நான் எட்டிப் பார்க்கவில்லை.

முடிவைக் கேட்கத் தங்கச்சியும் வந்தாள். அதிகாரி மெதுவாக வாசித்தார். காவல் பணியாளர் தூங்கினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவர் விழிப்புடன் இருந்தார்.

தங்கச்சி என் கையைப் பிடித்தாள். அதிகாரி இன்னும் முடிக்கவில்லை.

ஆபத்து நேரத்தில் அவர் வாக்கிடாக்கியில் டவருக்குத் தெரிவிக்கவில்லை. கொடியைப் பயன்படுத்திய முறை விதிகளுக்கு உட்பட்டதல்ல. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் விதத்தில் அவர் விலகவில்லை. எச்சரிக்கையைக் கண்டும் வேன் ஓட்டுநர் வண்டியை நகர்த்தவில்லை. மற்றவர்கள் அனைவரும் விதிப்படியே நடந்துகொண்டனர்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டேன்.

"முழிச்சுத்தான் இருந்தாரு. ஆனா விதிப்படி நடக்கல. குவார்ட்டர்ஸ் விஷயத்துல என்னால ஒன்னும் பண்ண முடியாது பெரியவரே" என்றார். சொல்லும்போது கண்ணாடி அவர் கையில் இருந்தது, முகத்தில் இல்லை. எங்களைத் தெளிவாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் கழற்றுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

மொட்டைக்கு அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது.

படியில் இறங்கும்போது தங்கச்சி நின்றுவிட்டாள். அதிகாரி வாசித்துவிட்டுக் கையில் கொடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "அந்த வரி எங்க இருக்கு? படி."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். வி-ழிப்-பு-டன் இருந்-தார்.

"இன்னொரு தடவை படி அண்ணே."

படித்தேன்.

"சரி, வா. கட்டிலைப் பிரிக்கணும், ஆள் பார்க்கணும்" என்று இறங்கினாள்.

தங்கச்சியும் மகளும் கட்டில், பீரோ, பெட்டி எல்லாவற்றோடும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் இப்போது நடக்க இடமில்லை. தங்கச்சி என்னோடு அதிகம் பேசுவதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புல் வளர்வது நிற்கவில்லை. டிராக்டருக்கு வேறு ஒருத்தனைப் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் கொடியையும் வாக்கிடாக்கியையும் என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் சரி பெரியவரே, நீங்க எதையும் லேசுல விட மாட்டீங்க" என்றார். புகழ்கிறாரா, என்னை எதற்காவது தயார் பண்ணுகிறாரா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன். வேலை வேண்டுமே.

ரன்வே ஓரத்தில் புதுசாக ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் நிற்கிறேன். பனி நாளில் எல்லாரும் மஞ்சள் பலகைக்கு வெளியே போய்விடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத விமானங்கள் சத்தத்தோடு வந்து ஒழுங்காக இறங்குகின்றன. வெயில் நாளில்தான் எனக்கு வியர்க்கிறது. பளிச்சென்று வருகிற விமானத்தை மனுஷன் இறக்குகிறானா, மெஷின் இறக்குகிறதா என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரிதான் வரும். என் பின்னால் சீப்புக்கு முன்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒவ்வொரு விமானம் வரும்போதும் நான் வாக்கிடாக்கியை அழுத்திப் பேசுகிறேன்.

"காவல் பேசுறேன். முழிச்சிருக்கேன்."

டவரில் இருப்பவர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது எரிச்சலாகிவிட்டது. நேற்றுகூட ஒருத்தர், "பெரியவரே, நாங்க கேக்கும்போது மட்டும் பேசுங்க. சும்மா சும்மா எதுக்கு லைன்ல வர்றீங்க?" என்றார்.

"பதிவுல ஏறட்டும்னுதான் சார்" என்றேன். "முழிச்சிருக்கேன்."